சேர்த்து வைத்த சேதாரம்

காலை ஒன்பதரை மணிக்கு என் மோட்டார் பைக்கில் இரண்டு பேர் ஏறினோம். தளி ரோட்டில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நான் திரும்பிப் பார்த்தபோது வண்டியில் நான் ஒருத்தன்தான் இருந்தேன். விழுந்தது சுலோச்சனா. என் வீட்டுக்காரி. இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது இன்சூரன்ஸ் சமாசாரம். உங்கள் மடியில் ஹெல்மெட்டைப் பார்த்ததும் பேச்சுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. வண்டியை எங்கேயோ சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறீர்கள், சரிதானே? இன்சூரன்ஸ் போட்டிருப்பீர்கள். அதில் டிடக்டிபிள் எவ்வளவு? பார்த்தீர்களா, தெரியவில்லை. உடுமலைப்பேட்டையில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்தான். திருப்பூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது, கேளுங்கள்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ரிடையர் ஆனவன். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ரீடிங் எழுதியவன். நாய் துரத்தியிருக்கிறது. தென்னந்தோப்புக்குள் மாடு முட்ட வந்திருக்கிறது. ஒரு தடவைகூட வண்டியைக் கீழே போட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இன்சூரன்ஸ் எதற்கு என்று கேட்கலாம். சட்டம் என்கிறார்கள். ஏஜென்டு வேறு யாரும் இல்லை, என் மச்சினன் திருமூர்த்தி. சுலோச்சனாவின் தம்பி. பெதப்பம்பட்டியில் இருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு தடவை எழுதித் தேறியவன், இன்றைக்கு எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான்.

போன வருஷம் பாலிசி புதுப்பிக்க வீட்டுக்கு வந்தான். பை நிறையப் பேப்பர். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"மச்சான், இந்தத் தடவ டிடக்டிபிள் எவ்வளவு வெக்கலாமுங்க?"

"அப்படின்னா?"

"வண்டிக்குச் சேதாரம் ஆச்சுன்னா, அதுல முதல் பங்கு உங்களுது. அதுக்கு மேல ஆகறதுதான் கம்பெனியுது. நூறு ரூபா எல்லாருக்கும் கட்டாயம், அதை யாரும் மாத்த முடியாது. அதுக்கு மேல நீங்களா விருப்பப்பட்டு வெச்சுக்கலாம். ஐநூறு, ஆயிரம், மூவாயிரம்னு இருக்குது. எவ்வளவு அதிகமா நீங்க தாங்கறீங்களோ, அவ்வளவு பிரீமியத்துல குறையும்."

யோசித்துப் பாருங்கள், என்ன நியாயம் இது. மின்வாரியத்தில் முதல் நூறு யூனிட்டுக்குக் காசு கிடையாது. ஏழை எளியவன் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். அதற்கு மேல் எரித்தால்தான் பில். இந்தக் கம்பெனிக்காரன் அதைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருக்கிறான். முதல் அடி உனக்கு, மிச்சம் இருந்தால் எனக்கு. சின்னச் சேதாரம்தானே தினமும் வருகிறது? அதையெல்லாம் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு இவன் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருப்பான்.

இதை அப்படியே திருமூர்த்தியிடம் சொன்னேன். சுலோச்சனா டீ கொண்டுவந்து வைத்தாள். "நம்ம ஊட்டு மாதிரித்தான்" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. அவள் அப்படித்தான், சம்பந்தம் இல்லாமல் நடுவில் ஒரு வார்த்தை போடுவாள். திருமூர்த்தி டீயைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

"மூவாயிரமே வை" என்றேன்.

"மச்சான், அதுல உங்களுக்கு மிச்சமாகறது வருசத்துக்கு ரெண்டு பிரியாணிக் காசுதானுங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா முதல் மூவாயிரத்து நூறு உங்க கையைக் கடிக்கும்."

"விழறவனுக்குத்தானே கடிக்கும்? நான் விழுந்து எப்படா பாத்த?"

அடுத்து இன்னொன்றை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு விபத்துக் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டாம். ஓட்டுகிறவனுக்கு இருப்பது பின்னால் உட்கார்ந்தவருக்குச் சேராதாம். "கொஞ்சக் காசுதானுங்க, அக்காவுக்குன்னு போட்டுறலாம்" என்றான். அக்காவின் பெயரைச் சொல்லிக் கமிஷன் பார்க்கிறான், எனக்கா தெரியாது? வண்டியை ஓட்டுவது நான். ஆபத்து எனக்கு. அவள் சும்மா உட்கார்ந்து வருகிறவள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு காப்பீடா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாலிசி போட்ட இரண்டாம் மாதம், சந்தையில் நிறுத்தி வைத்திருந்த என் வண்டி மேல் எவனோ மாட்டுத்தீவன மூட்டையைச் சாய்த்துவிட்டான். கண்ணாடி போயிற்று, பின்பக்க இண்டிகேட்டர் போயிற்று, டேங்கில் ஒரு குழி. திருமூர்த்திக்குப் போன் போட்டேன்.

"மொத்தம் எவ்வளவு வருமுங்க?"

"ரெண்டாயிரம் வரும்."

"அப்ப கம்பெனி ஒண்ணும் தராதுங்க மச்சான். மூவாயிரத்து நூறு தாண்டோணும். பிளாஸ்டிக்கு, ரப்பருக்கெல்லாம் தேய்மானம்னு பாதியக் குறைச்சுட்டுத்தான் அதையும் பாப்பாங்க. கையில இருந்து போட்டு மாத்திக்குங்க."

கையிலிருந்து போட்டு மாற்றுவதற்கு எனக்கு எதற்கு இன்சூரன்ஸ்? அன்று மத்தியானம் உட்கார்ந்து யோசித்தேன். மீட்டரில் என்ன நடக்கிறது? இன்றைக்கு இரண்டு யூனிட், நாளைக்கு மூன்று யூனிட், யாராவது தினமும் பில் போடுகிறோமா? ஓடுகிறது, சேர்கிறது, இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் மொத்தமாக எடுக்கிறோம். சேதாரமும் அதே மாதிரிதான். இன்றைக்கு இண்டிகேட்டர், நாளைக்கு வேறொன்று. மாற்றாமல் அப்படியே விட வேண்டும். சேர வேண்டும். மூவாயிரத்து நூறைத் தாண்டி நன்றாகச் சேர்ந்த பிறகு ஒரே விபத்தில் போட்டு மொத்தமாக வாங்கிவிட வேண்டும். ஒரு டிடக்டிபிளோடு முடிந்துபோகும். உங்களுக்குத் தோன்றியிருக்குமா? திருமூர்த்திக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்காரனே யோசித்திருக்க மாட்டான்.

ஆடி கழிந்து ஒரு நாள், உழவர் சந்தை வாசலில் ஒரு மினி ஆட்டோ பின்னால் வந்து என் வண்டியை இடித்தது. நான் வண்டியில் இல்லை, கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைக்கிற கட்டை இருக்கிறதே, அது அடியோடு முறிந்து தொங்கியது. சைலன்சர் மூடியும் நசுங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரீடிங் ஓட ஆரம்பித்துவிட்டது.

மெக்கானிக் மைதீன் என்னை நிறுத்திக் காட்டினான். "அண்ணா, இது சின்னச் சாமான். டீ குடிச்சுட்டு வாங்க, மாட்டி வெக்கறேன்."

"கை வெக்காதே."

"அக்கா எங்கண்ணா கால் வெக்கும்?"

"நீ உன் வேலையைப் பாரு."

சுலோச்சனா சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவள். அந்தக் கட்டை இல்லாமல் காலைத் தொங்க விட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாவது வாரம் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, கால் வெக்க எடமில்லீங்க. வழுக்குது."

"என் தோளப் புடிச்சுக்கோ."

"தோளைப் புடிச்சா கால் நிக்குமா?"

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. சேரட்டும்."

"என்ன சேரோணும்?"

அவளுக்கு விளக்கினேன். மீட்டர், யூனிட், மொத்தப் பில் எல்லாம். பாதியில் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் கணக்கு வராது.

அதற்கப்புறம்தான் அந்த ஐப்பசி மாசத்து வியாழக்கிழமை. தளியில் என் பழைய சகா ஒருத்தர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பட்டுச்சேலை கட்டி, சீருக்கு ஒரு எவர்சில்வர் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நான் முப்பதில்தான் போனேன். வாய்க்கால் பாலத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது, அதை எனக்குத் தெரியும், மெதுவாகத்தான் ஏற்றி இறக்கினேன். கொஞ்ச தூரம் போன பிறகு இடது பக்கத்தில் அந்த அண்டா உருண்டு என்னைத் தாண்டிப் போனது. அண்டா எப்படி எனக்கு முன்னால் போகிறது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் திரும்பினேன். அவள் பாலத்து மேல் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதில் அநியாயம் என்ன தெரியுமா? வண்டி விழவே இல்லை. ஒரு கீறல் இல்லை. எத்தனை மாசமாக ஒரு விபத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், வந்த விபத்தில் அவள் மட்டும் தனியாக விழுந்து வைத்தாள். வண்டியும் கூடச் சாய்ந்திருந்தால் எல்லாம் முறைப்படி முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, அவளைக் கட்டுப் போட உள்ளே கொண்டுபோனதும் திருமூர்த்திக்குப் போன் போட்டேன். "இப்பக் கிளெய்ம் பண்ணலாமா?"

"அக்காவுக்கு எப்படி இருக்குதுங்க?"

"எலும்பு விட்டிருக்கு. மாவுக்கட்டுப் போடுவாங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் வரேன்" என்று போனை வைத்துவிட்டான். ஏஜென்டு பேசுகிற பேச்சா அது? வந்தவன் நேராக அக்காவிடம் போய் உட்கார்ந்துகொண்டான். ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸில் கேட்டுப் பார் என்றேன். "அதுக்குத்தான் மச்சான் அன்னைக்கே பின்னாடி உட்கார்றவங்களுக்குப் போடலாம்னேன்" என்றான். சொல்லிக் காட்டுவதில் மட்டும் குறைச்சல் இல்லை.

வண்டிக்குக் கிளெய்ம் எழுதித் தர மாட்டேன் என்றான். நானே கம்பெனிக்கு எழுதினேன். தளி ரோட்டில் வேகத்தடையில் வண்டி சறுக்கி இடது பக்கம் விழுந்தது. கண்ணாடி, இண்டிகேட்டர், டேங்க், கால் வைக்கும் கட்டை, சைலன்சர் மூடி. மனைவிக்குக் கை முறிவு. மனைவியின் கையையும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, கை முறிந்த வீட்டில் வந்து எவனும் சந்தேகம் கேட்க மாட்டான்.

சேதாரத்தை மதிப்புப் போடக் கம்பெனியிலிருந்து சர்வேயர் என்று ஒருத்தன் வந்தான். ஆரோக்கியராஜ் என்று பெயர். சட்டையை உள்ளே விட்டு, செல்போனில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். உடைந்த கட்டையின் முனையை நகத்தால் சுரண்டினான். துரு விரலில் ஒட்டியது. என்னைப் பார்த்தான். அப்புறம் டேங்கில் இருந்த குழியைத் தடவினான். வலது பக்கத்துக் குழி அது. இடது பக்கம் விழுந்த வண்டிக்கு வலது பக்கத்தில் எப்படிக் குழி என்று கேட்டான். உருண்டது என்றேன்.

"ஐயா, இது ஒரு விபத்து இல்லைங்க, ரெண்டு மூணு தடவ ஆனது. ஒவ்வொரு தடவைக்கும் டிடக்டிபிள் தனித்தனியாத்தான் கழிப்போம். கண்ணாடிக்கு ஒரு தடவ, இந்தக் கட்டைக்கு ஒரு தடவ. தனித்தனியாப் பாத்தா எதுவுமே மூவாயிரத்து நூறத் தாண்டலைங்க."

"எல்லாம் ஒரே நாள்ல ஆச்சுன்னு நான் எழுதித் தரேன். என் வார்த்தை உனக்குப் போதாதா? நான் அரசாங்கத்துல ரீடிங் எடுத்தவன்."

அவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான். கையில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்த சுலோச்சனாவிடம் திரும்பினான். "அம்மா, நீங்க விழுந்தப்ப வண்டியும் விழுந்துச்சுங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்திருந்தேன்.

"இல்லீங்க" என்றாள். "நான் மட்டுந்தான்."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். இருபத்தேழு வருஷம் சோறு போட்டவன் பக்கம் பேசத் தெரியவில்லை. முன்பின் தெரியாதவனிடம் உண்மை விளம்புகிறாள். அவன் போன பிறகு கேட்டேன், கேட்கத்தான் செய்தேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கலாம், அக்கம்பக்கம் வாசலுக்கு வந்தார்கள். சாயங்காலம் அவள் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் பஸ்ஸைப் பிடித்து ஏறி, பெதப்பம்பட்டிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் விட்டுவிடவில்லை. அடுத்த வாரமே கூட்டிவரப் போனேன், அந்த வண்டியில்தான். திருமூர்த்தி வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். வெளியே வந்த சுலோச்சனா என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டையை மாட்டிக்கிட்டு வாங்க. வரேன்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் நான் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட முடிவு செய்துவிட்டேன். கேஸில் அந்த உடைந்த கட்டைதான் சாட்சி. புதுக் கட்டையை மாட்டிவிட்டால் சேதாரம் எங்கே என்று கம்பெனி வக்கீல் கேட்பான். இதைச் சொன்னேன். வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னேன். கேஸ் முடிந்த அன்றைக்கே மாட்டுகிறேன் என்றேன்.

"கேஸு எப்ப முடியும்?"

"ரெண்டு வருசம் ஆகலாம். கொஞ்சம் முன்னப்பின்ன."

அவள் உள்ளே போய்விட்டாள். திருமூர்த்தி ஒரு காகிதப் பொட்டலத்தோடு வெளியே வந்தான். பிரித்தான். புதுக் கட்டை. அவனே வாங்கி வைத்திருக்கிறான். கையில் ஸ்பேனர் வேறு.

"மச்சான், நான் மாட்டறேன். உங்களுக்குச் செலவு ஒண்ணுமில்லை. அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஒரு நிமிசம் தள்ளி நில்லுங்க."

"சாட்சியைக் கலைக்கப் பாக்கறயா? கம்பெனிக்காரன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

அவன் அந்தக் கட்டையைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினான். நல்ல வேளை, நான் சுதாரித்துக்கொண்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து வண்டியைத் தொடுவதில்லை. மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறேன். அதனால்தான் இப்படிப் பஸ்ஸில் போய் வருகிறேன். இன்றைக்கு வாய்தா. கம்பெனித் தரப்பில் போன தடவை யாரும் வரவில்லை. பயந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் ஹோட்டல் இட்லி. மத்தியானம் நானே ஒரு சோறு வைத்துக்கொள்கிறேன். மைதீன்தான் கடைப் பக்கம் போனால் கேட்பான், "அண்ணா, அக்கா எப்ப வருது?" என்று. இன்சூரன்ஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று ஒருத்தனும் கேட்பதில்லை. ஊரே அப்படித்தான் இருக்கிறது. பெரிய அநியாயம் ஒன்று நடந்திருக்கிறது, அதை விட்டுவிட்டு இவர்களுக்கு அவள் வந்தாளா, கை கூடிவிட்டதா என்றுதான் கவலை. இதோ, நீங்களும் கேட்க வாயெடுத்தீர்கள், நான் பார்த்தேன்.

கை கூடிவிட்டது. மார்கழியில் கட்டுப் பிரித்தார்கள். திருமூர்த்தியின் மகள் சொன்னாள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். டிடக்டிபிள் என்பது என்ன? ஒவ்வொரு தடவையும் முதல் சேதாரத்தை அடுத்தவன் தலையில் வைப்பது, அவன் அதைச் சொன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்பது. அப்படிப்பட்டவர்களோடு என்ன உறவு வேண்டியிருக்கிறது? கேஸ் முடியட்டும், அந்தக் கம்பெனியில் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்.

அவள் வந்தாளா என்றால், வந்தாள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, முன்னால் எல் போர்டு ஒட்டிய புது ஸ்கூட்டரில் அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். திருமூர்த்தி பின்னால் உட்கார்ந்திருந்தான். தார்ப்பாய் போட்டிருந்த கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய், அக்கம்பக்கத்துக்கு மாவு ஆட்டிக் கொடுத்துத் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சின்னக் கிரைண்டரைத் தூக்கி வந்து, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு போனாள்.